குறைந்துகொண்டே போகும் ஆயில்

செப்டம்பர் 15, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே ஒரே நேரத்தில் சேற்றுழவுக்குக் கூப்பிடுகிறது. பைக்கில் சறுக்கி விழுந்த என் வீட்டுக்காரர் மாறன் காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். அதனால் இந்தப் போகம் மினி டிராக்டர் என் பொறுப்பு. ஓட்டத் தெரியும். பராமரிக்கத் தெரியாது. கட்டிலில் படுத்தபடியே பாடம் நடத்தினார்: "பவா, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சீட்டுக்குப் பின்னாடி இருக்க குச்சியை உருவிப் பாரு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கணும். கொறைஞ்சா லிப்ட் பின்னாடி உழுகிற ரொட்டவேட்டரத் தூக்காது. பம்பு போச்சுன்னா இந்தப் போகமே போச்சு."

போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை உருவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

பேட்டரி இறங்கிவிட்டது. மாறனிடம் சொல்லவில்லை. சொன்னால் மாவுக்கட்டோடு எழுந்து வந்துவிடுவார். கண்மாய்க்கரைச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தேன். காலையில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கொழுந்தன் கண்ணுச்சாமியும் தன் லோடு ஆட்டோவை அங்கேதான் நிறுத்துகிறான். விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றிப் போய்விட்டு, நான் கிளம்பும் நேரத்துக்குத் திரும்பிவிடுவான். "கவலப்படாதீங்க மதினி, கல்லை நான் எடுத்துவிடுறேன்" என்றிருக்கிறான். அது ஒன்றுதான் தைரியம்.

செப்டம்பர் 18, வியாழன்

ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே! ஊற்றினேன். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. எங்கே போயிருக்கும்?

செப்டம்பர் 20, சனி

மழை. சரிவின் அடிப்பக்கம் சேறாகிவிட்டதால் நேற்று இன்னும் மேலே ஏற்றி நிறுத்தியிருந்தேன். காலையில் பார்த்தால் குச்சியின் நுனியில்கூட ஆயில் இல்லை. அட கடவுளே. தரையைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஆயில் பிசுக்கே இல்லை. மறுபடி ஊற்றினேன். கண்ணுச்சாமியிடம் புலம்பினேன். "எம்புட்டுக் கொறையிது மதினி?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

மாறனிடம் சொன்னதற்கு, "ஆயில் என்ன ஆவியாவா போகும்? எவனும் உருவுறானான்னு பாரு" என்றார்.

அந்தப் பேச்சு மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. எனக்கு முன்னால் வண்டிப் பக்கம் போகிற ஆள் யார்? ஒரே ஒருத்தன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ச்சே. மாறனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். அவனைப் போய் நினைக்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷியா? ஆனால் ஆயில் குறைகிறதே. அது பொய்யா?

செப்டம்பர் 22, திங்கள்

கேட்டுவிட்டேன். ஏன்டீ பவதாரிணி, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?

கண்ணுச்சாமியின் ஆட்டோ சீட்டுக்கு அடியில் ஆயில் கேன் இருந்தது. நாங்கள் ஊற்றும் அதே ஆயில். "தம்பி, இது ஏது? எங்க வண்டி ஆயில்தான?" குரல் எனக்கே கேட்க நன்றாக இல்லை. அவன் என்னையே பார்த்தான். "உங்க வண்டிக்குத்தேன்" என்றான். கேனைத் தரையில் வைத்தான். கல்லை எடுக்காமலே போய்விட்டான்.

அப்புறம் பார்க்கிறேன், கேனில் சீல் உடையவில்லை. சிம்மக்கல் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. எனக்காக வாங்கி வந்திருக்கிறான். இல்லை... திருடிவிட்டுப் பயந்துபோய் வாங்கி வைத்தானோ? எனக்கு ஏன் இப்படியெல்லாம் புத்தி போகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

தனியாகக் கல்லை உருவினேன். வண்டி உருள, ஓடிப்போய் ஏறினேன். குச்சி இன்றைக்கும் குறைவுதான் காட்டியது, ஏறுவதற்கு முன் அந்தக் கேனையும் பிரித்து ஊற்றியிருந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பெரிய கிணற்று வயல். திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை. கிணற்றுக்கு ஓர் ஆள் தூரத்தில் வரப்பில் முட்டித்தான் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க ஆயில். செத்துப் பிழைத்தேன். அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். மாறன் கேட்டதற்கு வேலை முடியவில்லை என்று சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

விடிந்ததும் ஓடினேன். வயல் தட்டையாகக் கிடக்கிறது. குச்சியை உருவினேன். மேல்கோட்டையும் தாண்டி, குச்சியின் பாதிவரைக்கும் ஆயில்.

யாரும் ஊற்றவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை.

சரிவில் மூக்கு கீழே பார்க்க நின்றால் உள்ளே இருக்கிற ஆயில் முன்னால்தானே ஓடும்? பின்னால் இருக்கிற குச்சிக்கு எப்படித் தெரியும்? சாய்த்த குடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும் என்று எனக்குத் தெரியாதா! இருந்தது அம்புட்டும் உள்ளேயே இருந்திருக்கிறது. நான் ஊற்ற ஊற்ற நிரம்பி, சக்கரத்துப் பக்கம் அடைத்திருக்கும் ரப்பர் சீலை நெட்டித் தள்ளிக்கொண்டு பிரேக்கில் இறங்கியிருக்கிறது.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். கிணற்றுக்காக இல்லை.

செப்டம்பர் 27, சனி

மாறனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பேட்டரியையும் சேர்த்து. திட்டவில்லை. "நாந்தேன சொன்னேன், எவனும் உருவுறானான்னு" என்றவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மெக்கானிக் வந்து அதிகமாக இருந்த ஆயிலை இறக்கினார், சீல் மாற்றினார், பேட்டரியும் மாற்றினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கண்ணுச்சாமி வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி முத்துமீனா வாசலிலேயே நின்று, "அவரு இல்லக்கா" என்றாள். ஆட்டோ அங்கேதான் நின்றது. வீட்டைப் பார்த்து நானே சத்தமாகச் சொன்னேன்: "தம்பி, ஆயிலை யாரும் எடுக்கல. நாந்தேன் சரிவுல நிறுத்திட்டுப் பாத்திருக்கேன். என் தப்புதேன்." அவன் வெளியே வரவில்லை. முத்துமீனா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஒவ்வொரு வருஷமும் இரண்டு வண்டிக்கும் பூச்சரம் வாங்கி வருவது அவன்தான். நானே வாங்கிவிடலாம். வாங்கவில்லை. அவன் வராவிட்டால் வண்டி வெறுமனே நிற்கட்டும்.

அக்டோபர் 1, புதன்

டிராக்டரைக் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோச் சத்தம். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கண்ணுச்சாமி இறங்கி வந்து பூச்சரத்தைக் கட்டினான். அப்புறம் சீட்டுக்குப் பின்னால் போய்க் குச்சியை உருவினான். துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாத்துக்கங்க மதினி. கொறையல."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குச்சியைத்தான் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது.

பழக்கத்தில் கல்லை எடுக்கக் குனிந்தான். இப்போது வண்டி நிற்பது சமதரையில், கல் இல்லை. குனிந்தவன் அப்படியே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு எழுந்தான்.

"எடுங்க வண்டிய" என்றான்.