தங்கையை வண்டியில் கொண்டுபோய் விட்டது

ஞாயிறு இரவு

மும்பையில் வேலை பார்க்கும் தங்கை ஸ்டெல்லா இன்று திரும்பிப் போனாள். சென்ட்ரல் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

"லோக்கல் ரயில்லயே போலாம்ண்ணா. அங்க எல்லாரும் அப்டித்தான். பேசிக்கினே போலாம்" என்றாள்.

"இங்க யாரு ரயிலுக்குக் காத்துகினு கீறாங்க? அல்லாருக்கும் பைக்குதான். ஏறு" என்றேன்.

திருவொற்றியூர் சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள். பின்னால் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. "சரிம்மா, சரி" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இறங்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. "நீ சரின்னதே போதும்ண்ணா. அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காதில் விழவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார், "உன் தங்கச்சி இன்னாடா சொல்லிக்கினு போனா?"

ஒன்றுமில்லை என்றேன்.