மயிரிழைச் சிவப்பு

மார்ச் 3, திங்கள்
வெட்டும் மெஷினை விட்டு, அதற்குப் புரோகிராம் போடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்து இரண்டு மாதம். இன்று சூப்பர்வைசர் பட்டென்று சொல்லிவிட்டார். "இந்த அச்சு நல்லா வந்தா நாற்காலி உங்களுக்கே. இல்லேன்னா பழையபடி மெஷின்தான். ஸ்டீல் கட்டை ஒண்ணுதான் இருக்கு, பாத்துக்கோங்க." மருந்து பாட்டில் மூடிக்கான அச்சு. வியாழக்கிழமை வெட்டியாக வேண்டும்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இங்கே எழுத என்ன வெட்கம்.

மார்ச் 4, செவ்வாய்
புரோகிராம் தயார். திரையில் ஓட்டிப் பார்த்தேன், அச்சின் சுவரெல்லாம் பச்சை, அதாவது பழுதில்லை. ஆனால் மேல் விளிம்பருகே கட்டர் இறங்கும்போது ஏதோ ஒன்று கருத்து மறைந்தது. திரும்ப ஓட்டினால் காணோம்.

அண்டர்கட்டோ? விளிம்புக்கு அடியில் சுவர் உள்ளே ஒதுங்கியிருந்தால், மேலிருந்து இறங்கும் கட்டர் அதைத் தொடப் போய் விளிம்பைச் சீவிவிடும். அப்புறம் கட்டை குப்பைக்குத்தான்.

டிசைனரைக் கேட்டேன். "சுவர் அரை டிகிரி வெளிப்பக்கமாத்தான் சாயுது மேடம். அண்டர்கட்டே கிடையாது."

அப்படியென்றால் கருத்தது என்ன?

மார்ச் 5, புதன்
கண்டுபிடித்தேன் — பாதி. ஒரு டிகிரிக்குள் இருக்கும் சாய்வையெல்லாம் நேர்ச்சுவர் என்று எடுத்துக்கொண்டு சாஃப்ட்வேர் பச்சை பூசியிருக்கிறது. அந்த வரம்பைப் பூஜ்யமாக்கினேன். ஒரு பக்கச் சுவரில் மட்டும், மயிரிழை அளவுக்குச் சிவப்பு.

டிசைனரும் பூஜ்யம் வைத்துப் பார்த்தார். அவர் திரையில் சிவப்பே இல்லை. "உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசர் வேறு, "பச்சை வந்துச்சுல்ல, குடுங்க" என்றார்.

தர மாட்டேன் என்றேன்.

வீட்டில் அவர், "தட்டை ஏன் முறைக்கிற? நான் சமைச்சது அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்றார். பாவம், நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்
காலையில் முதல் வேலையாகக் கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு டிகிரி சாய்வு. மெஷினில் வைத்தால் கட்டையே சாய்ந்துதான் உட்காரும். மெஷினில் வைத்து எடுத்த அளவைத்தான் நான் ஏற்றியிருந்தேன்; அதனால் என் திரையில் அது சாய்ந்தே இருந்திருக்கிறது. டிசைனர் திரையில் நிமிர்ந்து இருந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரி! சாய்ந்த பக்கத்தில் அவருடைய அரை டிகிரி போய், மேலும் அரை டிகிரி உள்ளே ஒதுங்கிவிட்டது.

டிசைனரிடம் காட்டினேன். அவரும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "மெஷின்ல எப்படி உக்காரும்னு நான் யோசிக்கவே இல்ல மேடம்." கட்டைக்கு அடியில் கொடுக்க அவரே ஓர் ஆப்பு வரைந்து தந்தார்.

"ஒரு நாள் போச்சே," என்றார் சூப்பர்வைசர்.

"கட்டை போகலையே சார்."

மார்ச் 7, வெள்ளி
ஆப்பு வைத்தாயிற்று. இதுவரை என் வேலையில் யார் யாரோ வைத்த ஆப்புகளில் இது ஒன்றுதான் உருப்படியானது. பூஜ்யத்தில் பார்த்தேன், சிவப்பு இல்லை. வெட்டப் போட்டோம்.

மார்ச் 10, திங்கள்
விளிம்பு முழுசாக வந்திருக்கிறது. விரலால் ஒரு சுற்று தடவினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றியும்தான். கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்
என் பழைய மெஷினில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். மதியம் என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, புரோகிராம் போடுறது நீங்கதானா? உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாங்க."

நான்தான் என்றேன்.