டர்போவுக்குப் பயந்தவளே

குளுவாங் ஷோரூமில் புது பிக்கப்பின் கதவைத் திறந்ததும் ரப்பர் விரிப்பின் வாசனை முகத்தில் அடித்தது. ஸ்டீயரிங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நீ, அன்றைக்கு மட்டும் சத்தமில்லாமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். "டர்போவா? நமக்கு எதுக்குடி அந்தப் பேயி?" என்று என் காதில் கேட்டது உன் குரலேதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்காக, வண்டி வாங்கப் போகிற இடத்தில் உன்னை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய்விட முடியுமா?

நீ நோயில் படுத்ததிலிருந்து நம் அன்னாசி வியாபாரம் வாடகை லாரியில்தான் ஓடுகிறது. லாரிக்காரர் தன் சொந்த லோடையெல்லாம் முடித்துவிட்டுத்தான் நமக்கு வருவார். அதற்குள் பழம் வெயிலில் கிடந்து கனிந்துவிடும். கிடைப்பதில் பாதியை வாடகை தின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "விட்டுரு லா. சிங்கப்பூர்ல கேன்டீன் வேலை இருக்கு. பாலம் தாண்டிப் போய்ட்டு வந்துரலாம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இனி ஒன்று, சொந்தமாக வண்டி வாங்க வேண்டும். இல்லையென்றால் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் நம் பழக்கடையை இழுத்து மூட வேண்டும். மூட எனக்கு மனமில்லை.

விற்பனைக்காரத் தம்பி தோல் சீட்டு, பெரிய திரை என்று என்னென்னவோ காட்டினான். "இருக்குறதுலேயே குறைஞ்ச விலை எது தம்பி?" என்றேன். ஷோரூமின் பின்பக்கம் அழைத்துப்போனான். வெள்ளை நிறம், ஒற்றை வரிசை சீட்டு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி, கையால் போடும் கியர். "எஸ்டேட்டுக்காரங்கதான் இதை எடுப்பாங்க அக்கா" என்றான். அதற்கே விலை லட்சம் வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது! உனக்காக ஒரு வார்த்தை கேட்டும் பார்த்தேன்: "டர்போ இல்லாம ஒண்ணு கிடைக்குமா?" அவன் சிரித்துவிட்டான். "இப்ப டீசல் பிக்கப்னாலே டர்போதான் அக்கா."

நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த ஜொகூர் பாரு தொழிற்சாலையை விட்டு வந்து கூட்டாக வாங்கிய அந்த முதல் பழைய பிக்கப் நினைவிருக்கிறதா? வேகம் கூட்டும் டர்போவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கரும்புகை கக்கிக்கொண்டே பொந்தியான் தோட்டங்களிலிருந்து நம் பழத்தையெல்லாம் சுமந்தது. அது படுத்த பிறகு வேறு வழியில்லாமல் டர்போ வண்டி வாங்கினோம். பூசை போட்ட அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. நீ ஐந்தாவதாக ஒன்றை எடுத்து பானெட்டின் மேல், டர்போ இருக்கும் இடம் பார்த்து வைத்தாய். "சாமி, இதுக்குத் தனியா வேண்டிக்குங்க." பூசாரியே திருதிருவென்று விழித்தார்.

சந்தையில் யாரோ ஒரு லாரிக்கார அண்ணன் உன்னைப் பயமுறுத்திவைத்திருந்தார். டர்போ போனால் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடித்துக் கதறிக்கொண்டே செத்துவிடுமாம். அன்றிலிருந்து நீ வேகத்துக்கான எண்ணெய் மிதியை மிதித்ததே இல்லை, தடவிக்கொடுத்தாய். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் டிராக்டர்கூட நம்மை முந்திக்கொண்டு போகும். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே களைத்துப்போவான்.

"எண்ணெய மிதிடி, பழம் அழுகுது!" என்று நான் கத்துவேன்.

"பழம் போனா பழம் வாங்கலாம். டர்போ போனா உங்கப்பனா வாங்கித் தருவாரு?"

கடைசியில் அந்த டர்போ போய்த்தான் விட்டது. மெக்கானிக் அதைக் கழற்றி நம் முன்னால் வைத்தார். உள்ளே அடை அடையாகக் கரி. "ஓட்டிக் கெட்டுப்போகல அக்கா. மெதுவா ஓட்டியே கெடுத்துட்டீங்க. உள்ள இறகு அசையாம ஒட்டிக்கிச்சு. அப்பப்ப ஹைவேயில நல்லா மிதிச்சிருந்தா கரி இவ்ளோ சேர்ந்திருக்காது." நீ "அலமாக்!" என்று சொல்லி அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாய். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். சாயங்காலம்வரை என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, பிறகு நீயே சிரித்தாய். நாம் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. டர்போவை மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஓட்டினோம். உனக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் அந்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். நீ குணமாகி வந்ததும் புதிது வாங்குவதாக இருந்தோம். நீ வரவில்லை. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டு, காஹாங் சாலையில் எடுத்துக்கொண்டு போனேன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த நீண்ட மேடு வந்தது. கால் தயங்கத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். பானெட்டுக்குள் விசில் சத்தம் எழுந்தது, முதுகை சீட்டு தள்ளியது, வண்டி மேட்டை அப்படியே விழுங்கிவிட்டு ஏறியது.

"அக்கா, மெதுவா!" தம்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா ஓட்டித்தான் தம்பி ஒரு வண்டியக் கொன்னோம்" என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

ஷோரூமுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் அவன் சாவிக்குக் கை நீட்டினான். "இருங்க தம்பி, டர்போ ஆறட்டும். நீங்க போங்க, நான் வரேன்" என்று அனுப்பிவைத்தேன். நீ சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார். வண்டியை நிறுத்தினாலும் உடனே அணைக்க மாட்டாய். எஞ்சின் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும், நாம் இறங்காமல் பேசிக்கொண்டிருப்போம். எந்தத் தோட்டத்தில் பழம் எடுப்பது, யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது, என் மகள் எந்தப் படிப்புக்குப் போவது, எல்லாம் அங்கேதான் முடிவாயின. ஆஸ்பத்திரியில் உன் பரிசோதனை முடிவு வந்த அன்றும் அப்படித்தான். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாய். பிறகு, "நான் இல்லைன்னாலும் கடைய மூடிராதடி" என்றாய். எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ஷோரூம் வாசலில், ஓடுகிற எஞ்சினோடு உட்கார்ந்து, அந்தப் பதிலைச் சொன்னேன். "மூட மாட்டேன்டி." சத்தமாகவே சொன்னேன். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் வண்டி வருகிறது. பொந்தியானுக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன். மிதிக்க வேண்டிய இடத்தில் மிதிப்பேன், நீ எவ்வளவு திட்டினாலும் சரி. ஆனால் நிறுத்தியதும் இறங்கிவிட மாட்டேன். அன்றன்றைய கணக்கு வழக்கை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் எஞ்சினை அணைப்பேன்.