வியாழக்கிழமை மதியப் பதிப்பு

மார்ச் 3, 1931, செவ்வாய்

எங்கள் கல்யாணத்தை மூன்றாவது முறையாக ஒரு கொலை தள்ளிப்போட்டுவிட்டது. சனிக்கிழமை பதிவு அலுவலகம் போவதாக இருந்தோம். இன்று காலை, தங்கும் விடுதி நடத்துகிற ஆக்னஸ் டோரன் சமையலறையில் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள் என்று காவல் நிலையத்திலிருந்து எங்கள் ஆள் போன் செய்தான். ராஸ்கோ எங்கள் பத்திரிகையின் ஆசிரியன், நான் கட்டிக்கொள்ளப் போகிறவனும் அவன்தான். "கொலைகாரன் மாட்டினதும் கட்டிக்கலாம் வின்னி. முதல்ல செத்தவ படத்தைக் கொண்டா" என்றான்.

சிகாகோ நிருபர்கள் எல்லோரும் செய்வதுதான். போலீஸ் வருமுன் வீட்டுக்குள் புகுந்து, இறந்தவரின் படத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்துவிடுவோம். கணப்புக்கு மேல் இரண்டு படங்கள் இருந்தன. பார்த்து எடுக்க நேரமில்லை, இரண்டையும் வாரிக்கொண்டேன். ஒன்று ஆக்னஸ். மற்றதில் யாரோ மீசைக்காரன், இழுப்பறையில் போட்டேன். ஆக்னஸின் படம் உறவினர் கொடுத்தது என்று அச்சிட்டோம். எப்போதும் அப்படித்தான் அச்சிடுவோம்.

மார்ச் 4

காசிமிர் வோய்டாக் என்பவனைக் கைது செய்துவிட்டார்கள். போலந்துக்காரன், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, அந்த விடுதியில்தான் தங்கியிருந்தான். வழக்கு முடிந்தபின் ஒரு சனிக்கிழமையைத் தேடி ராஸ்கோ காலண்டரைப் புரட்டுகிறான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆக்னஸை விட்டு ஓடிப்போன புருஷனின் படம் எப்போதும் கணப்புக்கு மேலே இருந்ததாம். காசிமிருக்கு அவள்மேல் ஆசை, அந்தப் படத்தின்மேல் பொறாமை. கொன்ற கையோடு அதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டான் என்கிறார் அரசு வக்கீல். படம் இருந்த இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சத்தியம் செய்தாள்.

அந்த மீசைக்காரன் என் இழுப்பறையில் அல்லவா இருக்கிறான்?

ராஸ்கோவிடம் ஓடினேன். "ஒரு படத்தைக் காணோம்னு எந்த ஜூரியும் ஒருத்தனைச் சாகடிக்க மாட்டாங்க. நீ போய்ச் சொன்னா உன்னை உள்ள போடுவாங்க. அப்புறம் பதிவு ஆபீஸ்ல நான் யாரோட நிக்கிறது?" என்றான். சிரித்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது. சிரித்தேன்.

மே 2, சனி

காசிமிர்தான் குற்றவாளி என்று ஜூரி நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டது. ஜூன் 26 விடியற்காலை, மின்சார நாற்காலி.

மே 3

படத்தை ராஸ்கோவின் மேஜையில் வைத்து, போலீசுக்குப் போகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. போலீஸ் இதைத் தொலைத்துவிட்டு வழக்கை மூடிவிடும், அந்தப் புருஷன் கொலை நாளன்று ஊரில் இருந்தானா என்று நாமே தேடுவோம் என்றான். நியாயமாகத்தான் பட்டது. அவன் பேசும்போது எல்லாமே நியாயமாகத்தான் படும்.

ஜூன் 22, திங்கள்

கிடைத்துவிட்டது! ஏழு வாரம் படத்தோடு படியேறி இறங்கியதில் என் செருப்பு மூன்று ஜோடி தேய்ந்துவிட்டது. விடுதிக்கு இரண்டு தெரு தள்ளிச் சுருட்டுக் கடை வைத்திருப்பவர் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். கொலை நடந்த அன்று காலை கடைக்கு வந்தவன் இவன்தான், கையெல்லாம் நகக்கீறல் என்று. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

சிறைக்கு ஓடப் பார்த்தேன். ராஸ்கோ கதவைச் சாத்தினான். வியாழன் மதியம் படத்தையும் கடைக்காரரையும், தண்டனையை நிறுத்தக்கூடிய கவர்னர் முன்னால் நாமே நிறுத்துவோம், அதே நேரத்தில் நம் பத்திரிகை தெருவில் இருக்கும் என்றான். அதுவரை காசிமிரின் வக்கீலிடமும் மூச்சுவிடக்கூடாது, காசிமிரிடமும் கூடாது. சிறைக் காவலர் ஒருவர் காதில் விழுந்தால் போதும், போட்டிப் பத்திரிகைக்குப் போய்விடும். எல்லாப் பத்திரிகைக்கும் அங்கே ஆள் உண்டு. எங்களுக்கும் உண்டு.

"மூணே நாள் வின்னி. அவன் உயிரும் தப்பும், முதல் பக்கத்துல உன் பேரும் வரும். சனிக்கிழமை கட்டிக்கலாம்."

சரி என்றேன். யாரும் என் கையை முறுக்கவில்லை.

ஜூன் 23

முதல் பக்கத்துக்கு அச்சுக் கோத்தாகிவிட்டது. 'எங்கள் பத்திரிகை மீட்ட உயிர்.' மூன்று தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 24, புதன்

சாகப்போகிறவனைப் பார்க்க நிருபர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று ராஸ்கோ அனுப்பினான். காசிமிர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏதாச்சும் சேதி உண்டாம்மா?" என்று கேட்டான். காவலர் பக்கத்திலேயே நின்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூன் 25, வியாழன்

காசிமிர் போயிட்டான். விடியறதுக்குள்ள செல்லுலயே தூக்கு மாட்டிக்கிட்டான். எங்க ஆள்தான் போன் பண்ணினான் — மத்த பத்திரிகைக்கெல்லாம் முன்னாடி எங்களுக்கு.

ராஸ்கோ முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து, "தலைப்பை மாத்தணும்" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேரே அரசு வக்கீலிடம் போனேன். படத்தை எடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். 'ஒண்ணுமில்ல' என்றதையும் சொன்னேன். அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லையாம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

படத்தை எடுத்ததற்குக் கிடைத்த ஆறு மாதச் சிறையில் மூன்று வாரம் கழிந்தது. ஆக்னஸின் புருஷன் பிடிபட்டு, ஒப்புக்கொண்டுவிட்டான். ராஸ்கோ வாராவாரம் கடிதம் போடுகிறான். படித்தால் சிரிப்பு வருகிறது, பாவி. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

இன்று காசிமிரின் அக்கா ஜாட்விகா பார்க்க வந்தாள். கசகசா ரொட்டி கொண்டுவந்திருந்தாள், வாசலில் அதைக் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்களாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அந்தப் புதன்கிழமை அவனைப் பார்க்கப்போனது நீங்கதானே? அன்னைக்கு எனக்குக் கடுதாசி எழுதியிருக்கான். 'ஒரு அம்மா வந்தாங்கக்கா. எல்லாரும் தரையப் பார்த்துப் பேசினாங்க, அவங்க மட்டும் என் முகத்தைப் பார்த்தாங்க. ஏதோ நல்ல சேதி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அவங்களே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. இனி இல்லக்கா' அப்படின்னு."

அதைச் சொல்லத்தான் வந்தாள் போலும். எழுந்து போய்விட்டாள்.

அவள் போனபின் ராஸ்கோவுக்கு முதல் தடவையாகப் பதில் எழுதினேன். காசிமிரின் வரிகளைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. அச்சிடாதே என்றும் எழுதவில்லை. அதை நான் சொல்ல வேண்டுமா என்ன? ஜாட்விகாவைக் கேட்காமல்தான் அனுப்பினேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு.

ஆகஸ்ட் 13, வியாழன்

மதியப் பதிப்பை இங்கேயும் கொண்டுவந்து போடுகிறார்கள். காசிமிரின் வரிகளை ராஸ்கோ முதல் பக்கத்தில் போட்டிருக்கிறான். ஒரு சொல்கூட மாற்றவில்லை.