ஏர் ஃபில்டரில் வைத்த பொட்டு

என்னங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கார் சாவியைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது.

போன மாதம் நீங்கள் வண்டியை சர்வீசுக்குக் கொண்டுபோகும் முன், ஏர் ஃபில்டரில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். "ஷோரூம்ல புது ஃபில்டர் போட்டுட்டாங்க. உன் தெருமுனை மெக்கானிக்குக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டீர்களே. இன்று பானெட்டைத் திறந்தால் என் பொட்டு அப்படியே இருக்கிறது.

ஷோரூமுக்குப் போன் போட்டுப் பிடி பிடியென்று பிடித்தேன். "உங்க வண்டி இங்க வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்" என்கிறார்கள். அப்படியானால் அன்று அரை நாள் எங்கே போயிருந்தீர்கள்? சாயங்காலம் வந்து கேட்பேன், பதிலை யோசித்து வையுங்கள்.

பி.கு. வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மறந்துபோன குடையை எடுக்க வீட்டுக்கு வந்தேன். வண்டியை விடும்போது அவர் சொன்னார்: "ரெண்டு வருஷமா சார் இங்கதானேம்மா வர்றாரு. போன மாசமும் வந்தாரு. ஃபில்டர் நல்லாத்தான் இருந்துச்சு, தூசி தட்டிப் போட்டேன். வீட்ல மட்டும் சொல்லிடாதீங்கன்னாரு."

குப்புற விழுந்தாலும் உங்கள் மீசையில் மண் ஒட்டக்கூடாது. சாவி இப்போது அவரிடம்தான். சாப்பிட்டுவிட்டுப் போய் எடுத்துக்கொள்ளுங்கள், வழிதான் தெரியுமே.