அவர் விட்ட டீ

16 பிப்., திங்கள்

காலையில் பனி. புத்தூரிலிருந்து ஏழு மணி பஸ். ஜன்னல் மூடவில்லை, கையெல்லாம் ஜில். ரேணிகுண்டாவில் அரைமணி நிறுத்தினான். திருப்பதி ஆஸ்பத்திரியில் டோக்கன் 31.

டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் கூப்பிட்டார். வயிறு என்னுடையது, பேச்சு என் வீட்டுக்காரரோடு. இருபது நிமிடம். முகம் கழுவிக்கொண்டு வந்தார், காலர் ஈரம். "ஒண்ணுமில்ல. ஊசி போதுமாம். இனிமே மாத்திரதான்" என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

ஊசி போதும் என்றால் குணமா, கைவிட்டதா?

திரும்பும் வழியில் அந்தப் பெரிய ஓட்டல். போர்டில் மூன்று அடுக்குத் தட்டு, பீங்கான் கெட்டில். வெள்ளைக்காரன் குடிக்கிற மாதிரி சாயங்கால டீ. போன ஆடியில் ஒருநாள் போக வேண்டும் என்றேன். தனக்குத்தான் வயிற்றில் கேஸாச்சே, டீ ஆகாதே என்று சிரித்து மழுப்பினார். இன்று இரண்டு பேரும் போர்டைப் பார்த்தோம்.

17, செவ்வாய்

வெயில். செய்ய வேண்டியவை:
சிலிண்டர் புக் பண்ண.
மூக்குக்கண்ணாடிக்குக் கால் போட.
முட்டைக்கோஸ் (வாடிவிட்டது).
பீரோ சாவி இருக்கும் இடம் அவருக்குக் காட்ட.

கடைசியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

சித்தூரிலிருந்து நாத்தனார் போன். சாப்பிட்டியா, தூங்கினியா. ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கும் தெரியும் போல. ஓட்டைவாய் அது, இந்த முறை யாரோ அடைத்துவிட்டார்கள். போன மாதம் பொங்கலுக்கு வந்தபோது அவள்தான் உளறினாள்: "அண்ணி, அண்ணன் டீய வுட்டது கேஸால இல்ல. உனுக்கு நல்லாவற வரிக்கும் தொடமாட்டேன்னு மலைல வேண்டிக்கினாரு."

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்த மனிதர். விடியற்காலை ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பதினாலு மாதமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு வெந்நீர் குடிக்கிறார். சாமி மேல் எனக்கு அப்படியொன்றும் நம்பிக்கை கிடையாது. அந்த வெந்நீர் மேல் இருக்கிறது.

19, வியாழன்

வலி. மாத்திரை 2. சோறு இறங்கவில்லை. மோர்.

மத்தியானம் வந்ததும், "சனிக்கெழம லீவு சொல்லிட்டேன். அந்த ஓட்டல்ல டீ குடிக்கப் போலாம். நீ கேட்டியே" என்றார். என் ஆஸ்பத்திரி நாள் தவிர, காய்ச்சலிலும் லீவு போடாதவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிடாவுக்கு மாலை போடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

டீ குடிக்கப் போகலாம் என்றாரே, யார் குடிக்க? நான் குடிப்பேன், அவர் பார்ப்பார். அப்படித்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும்.

எதிர்வீட்டில் குழந்தை அழுகை. பிள்ளை இருந்தால் அதனிடமாவது சொல்லியிருப்பார், அதன் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டிருப்பேன். எங்களுக்கு அதுவும் இல்லை.

21, சனி

பச்சைப் பட்டு. ஜாக்கெட் தொளதொள, ஊக்கு 3. அவர் ஷூ போட்டார், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

ஓட்டலுக்குள் ஏ.சி. குளிர். நடக்கவே பயமாக வழவழத் தரை. பக்கத்து மேசையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குடும்பம், காபி கிடைக்காதா என்று தெலுங்கில் விசாரித்துக்கொண்டு. எங்களுக்கு அடுக்குத் தட்டு வந்தது. கீழே ஓரம் வெட்டின வெள்ளரிக்காய் சாண்ட்விச். நடுவில் ஸ்கோன் என்று ஒரு பன், க்ரீம், ஜாம். மேலே விரலளவு கேக். முட்டை இல்லை என்று பரிமாறுகிற பெண் மூன்று முறை சொன்னாள். கீழிருந்து மேலே போக வேண்டுமாம். நான் மேல்தட்டு கேக்கில் ஆரம்பித்தேன். எதையும் கடைசிக்கு என்று வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

இரண்டு கப் வைத்தாள். "இவருக்குக் காபி" என்றேன், அவசரமாக.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "டீயே போயண்டி" என்றார் அவளிடம் தெலுங்கில். ஊற்றினாள்.

"கேஸுன்னு சொன்னீங்களே."

"அதெல்லாம் சரியாய்ட்ச்சி" என்றார், கப்பைப் பார்த்துக்கொண்டு.

குடிக்காதீர்கள், எனக்கு எல்லாம் தெரியும், கீழே வையுங்கள் என்று சொல்ல வந்தேன். அவர் ஊதினார். ஒரு வாய் குடித்தார். பாதியில் வைத்துவிடுவார் என்று பார்த்தேன். அடிவரை குடித்தார்.

டாக்டரம்மா திங்கட்கிழமை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

"நல்லாக்கீதா?" என்று கேட்டார். சாயத் தண்ணி மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்தார். மீசையில் க்ரீம். துடைத்துவிட்டேன்.

22, ஞாயிறு

மேகமூட்டம். வலி குறைவு. சிலிண்டர் வரவில்லை.

சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, பழையபடி, "டீ போடறியா?" என்றார். வீட்டில் டீத்தூள் இல்லை. அவர் எதிரில் குடிக்க மனம் வராமல் பதினாலு மாதமாக நானும் வாங்கவில்லை. அதைச் சொல்லவில்லை. தீர்ந்துபோச்சு என்றேன்.

சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். முன்பெல்லாம் அரைக் கிலோ வாங்குவார். வாசலில் நின்று, "எவ்ளோ வாங்கினு வரட்டும்?" என்றார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்திருக்க வேண்டும். குனிந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டே இருந்தார்.

சின்ன பாக்கெட்டே போதும் என்றேன்.