வெள்ளவத்தையில் ஒரு சிரம்பான் பலகாரம்

அண்ணி,

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் கருப்பட்டியும் சேர்ந்து அடிப்பிடிக்கிற மணம் வந்தது. வட்டிலப்பமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். மதிலோரம் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஆரைத் தேடுறியள் ஐயா?" என்று கேட்டாள். ஒருவரையும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே இத்தனை காலம் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

யப்பானியர் மலாயாவுக்குள் இறங்கியிருந்த நேரத்தில்தான் நீங்கள் கொழும்புக்கு வந்தீர்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சிங்கப்பூரிலிருந்து ஏற்றிவந்த கப்பல்களில் ஒன்று. யுத்தகாலத் தணிக்கையால் அதன் பெயரைக்கூட எங்கள் பத்திரிகையில் போட முடியாது. ஆகவே நிருபனாக அல்ல, உங்கள் மைத்துனனாகத்தான் இறங்குதுறையில் காத்து நின்றேன். மலாயாவில் சிரம்பான் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த அண்ணாவை ரயில்வேக்காரர் விடவில்லை. நீங்கள் தனியே வந்தீர்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா உங்களைக் கட்டிப்பிடித்து, "அப்பாடா, பிள்ளை ஊர் வந்து சேந்திட்டாய்" என்றார். ஆனால் உங்கள் ஊர் சிரம்பான். பிறந்தது, படித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் அங்கேதான். உங்கள் அப்பா யாழ்ப்பாணத்தவர் என்பதால் உங்களையும் யாழ்ப்பாணம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். இலங்கைக் கரையை நீங்கள் முதல்முதல் கண்டது அன்று காலையில்தான்.

முதல் கிழமைகளில் சந்தையைப் 'பாசார்' என்று சொன்னீர்கள். அம்மா சிரித்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டீர்கள். அம்மா வைத்த சொதியையும் கத்தரிக்காய்க் குழம்பையும் குறை சொல்லாமல் சாப்பிட்டீர்கள், ஆனால் கொஞ்சமாகத்தான். ஒருநாள் என்னிடம் மட்டும், "தம்பி, இஞ்ச எல்லாம் நல்ல சாப்பாடுதான். பசி தீருது. வேற ஒண்டுதான் தீரேல்ல" என்றீர்கள்.

கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் குடியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் மாறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப்போகச் சொன்னீர்கள். ஒரு பொலிஸ்காரரின் மனைவி உங்களை உள்ளே அழைத்து இருத்தினார். நீங்கள் இருவரும் கதைத்ததில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது, "அவையின்ர மலாய் வேற மாதிரித்தான் கிடக்கு. எண்டாலும் வாய் நிறையக் கதைச்சன்" என்றீர்கள். கையில் வாழைச்சருகில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. காயவைத்து இடித்த கூனிறால் கட்டி.

அதை எங்கள் அடுப்பில் சுட்டது தவறாகப் போயிற்று. மரக்கறி தவிர வேறெதுவும் வேகாத அடுப்பு. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "என்ன பிள்ளை, கூரைக்குள்ள ஏதும் செத்துப்போச்சோ?" என்று கேட்டார். உங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொட்டலம் மதிலுக்கு அப்பால் போனது. அம்மா இரண்டு தரம் அடுப்படி கழுவினார்.

அதற்குப் பிறகுதான் மரவள்ளிப் பலகாரம். சிரம்பானில் அதை மலாய்ப் பெண்கள் ஸ்டேஷனடியில் விற்பார்களாம். கலியாணமான புதிதில் அண்ணா வேலை முடிந்து வரும்போதெல்லாம் இலையில் சுற்றி வாங்கிவருவாராம். இதில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. அம்மாவின் அடுப்புக்கு ஆகும். பர்மா அரிசி நின்றுபோய், பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி பாதி வயிற்றுக்கும் காணாமல் இருந்த அந்தக் காலத்தில், மரவள்ளி மட்டும் எங்கும் கிடைத்தது.

"அவிச்சுச் சம்பலோட தின்னிற கிழங்குக்கு ஏன் இந்தக் கூத்து?" என்று அம்மா கேட்டபடியே இருந்தார். நீங்கள் துருவினீர்கள், பிழிந்தீர்கள், பிழிந்த நீரில் அடியில் தங்கிய மாவை எடுத்துத் திரும்பச் சேர்த்தீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து, தகரத்தில் வாழையிலை விரித்து ஊற்றி, கீழும் மேலும் தணல் வைத்தீர்கள். ரம்பை இலை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்த அன்று குழந்தைபோல எனக்கு மணந்து காட்டினீர்கள். கருப்பட்டிதான் சரிவரவில்லை. பனங்கட்டி போட்டால் கரித்தது. கித்துள் மரத்துக் கருப்பட்டி போட்டால் புகை மணந்தது. கடைசியில் புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் சாக்குக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார்.

"இது தென்னங் கருப்பட்டி தங்கச்சி. கித்துள் இரிக்கக்குள்ள இத ஆரும் கேக்கிறல்ல. ஒங்களுக்கு ஏன்?"

நீங்கள் ஒரு துண்டை வாயில் போட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினீர்கள். "சரி சரி, வெளங்கிட்டு" என்று அவரே சிரித்துக்கொண்டு நிறுத்தார்.

அண்ணாவிடமிருந்து ஒரு வரியும் வராத வருடங்கள் அவை. செய்தி அறைக்கு மலாயாவைப் பற்றி ஏதேனும் தந்தி வந்தால் உங்களுக்குச் சொல்வேன். சொல்லத்தக்கதாக வந்தவை மிகச் சில. நீங்கள் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். "உங்கட அண்ணா வந்து இதில ஒரு துண்டு தின்னவேணும். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுவம்" என்பீர்கள். வீடு என்றால் சிரம்பான். உங்கள் கணக்கு முழுவதும் அந்த இரண்டு வசனங்களுக்குள் இருந்தது.

அண்ணா வந்தார். யுத்தம் முடிந்து, கப்பல்கள் ஓடத் தொடங்கி, எலும்பும் தோலுமாக வந்தார். அம்மா போட்ட சோற்றை, தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பின்னேரம் தேத்தண்ணியோடு நீங்கள் தட்டைக் கொண்டுவந்தீர்கள். சிவக்க வெந்து, ஓரம் சற்றுக் கருகி, உங்கள் கைக்கு அதுவரை வந்தவற்றில் ஆகத் திறமானது.

"இதென்ன?"

"பாருங்கோவன். ஸ்டேஷனடியில வாங்கித் தருவியளே."

அண்ணா குனிந்து மணந்தார். கதிரை பின்னால் நகர்ந்தது.

"மரவள்ளியோ?"

"ஓம். ஆனா நான்—"

"எடு. எனக்கு முன்னால வையாதை. மூண்டரை வருசம் காலமையும் இதுதான், பின்னேரமும் இதுதான். முத்தத்தில நீ நட்ட ரோசாவைப் பிடுங்கிப்போட்டு இதைத்தான் நட்டனான். விளையமுந்தி வேரைத் திண்டனாங்கள். தெரியுமோ உனக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள்தானே என்னைக் கப்பலேத்திவிட்டனீங்கள்."

அண்ணா எழுந்து கடற்பக்கம் போய்விட்டார். நீங்கள் தட்டோடு நின்றீர்கள். அம்மாதான் வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். "நல்லாத்தான் கிடக்கு. அழாதை பிள்ளை."

"நான் அழேல்லை மாமி."

உண்மையில் நீங்கள் அழவில்லை. உங்கள் சிரம்பான் நீங்கள் கப்பலேறிய நாளில் நின்றுபோயிருந்தது. அண்ணாவின் சிரம்பான் அதற்குப் பிறகும் நடந்திருந்தது. ஒரே ஊரைப் பற்றி இரண்டு பேர் கதைக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மலாயா ரயில்வேயிலிருந்து திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். அண்ணா மாட்டேன் என்று எழுதிவிட்டு மருதானையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கப் போனார். ஒருநாள் நான் இருக்கும்போதே கேட்டீர்கள்:

"எப்ப போறம்?"

"எங்க?"

"வீட்டுக்கு."

"இதுதானே வீடு."

நீங்கள் பிறகு அதைக் கேட்கவில்லை. மரவள்ளியும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அம்மாவைப் போலவே சொதி வைக்கப் பழகினீர்கள். அம்மா போன பின் அவருடைய கைப்பக்குவம் உங்களிடம் இருக்கிறது என்று சனம் சொன்னது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்களோ என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் உங்களுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. விரும்பியதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னார். அண்ணா கட்டிலருகில் இருந்து, "என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். "ஒண்டும் வேண்டாம்" என்றீர்கள். அடுத்த நாள் அவர் சந்தையிலிருந்து மரவள்ளிக்கிழங்கோடு வந்தார். மூக்கைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு தானே துருவினார். நான் கை வைக்கப்போக, "நீ விடு" என்றார். நீங்கள் செய்யும்போது அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்.

உங்கள் நாக்கில் ஒரு துளி வைத்தார். நீங்கள் அவரை வெகுநேரம் பார்த்தீர்கள்.

"ஆர் செய்தது?"

"நான்தான்."

"நடுவில வேகாம மா நிக்குது. திரும்பத் தணல்ல வையுங்கோ."

உங்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அண்ணா தட்டோடு அடுப்படிக்கு ஓடினார். அவர் திரும்பி வந்தபோது நீங்கள் நித்திரை. எழுப்ப வேண்டாம் என்று அவரே சொன்னார். அதன் பிறகு தண்ணீர்கூட உங்களுக்கு இறங்கவில்லை.

நான் சொல்லவந்தது அந்த இடைநேரத்தைப் பற்றி. அண்ணாவும் இப்போது இல்லாததால் சொல்லலாம். நீங்கள் கண்ணயர்ந்துகொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நான் நின்றேன். அவர் என்னைக் காணவில்லை. மேல் தணலைத் தள்ளி, மூடியைத் திறந்து, துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். கத்தியால் நடுத்துண்டை வெட்டி எடுத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மென்று விழுங்கினார். இன்னும் ஒரு துண்டு வெட்டி அதையும் தின்றார்.

எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

நன்றாக வெந்திருந்தது, அண்ணி.